மைலை எண்ணவா? மனம் மகிழவா?

ஞாயிற்றுக்கிழமைக் காலை. முற்றத்தில் துவிச்சக்கரவண்டியை நிறுத்தித் துணியினால் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சில்லுகளுக்குக் காற்றடித்து, "அம்மா, ஒரு சுற்றுப் போய் வருகிறேன்" என்று புறப்படும் பிள்ளையை நம்மில் அறியாதார் இலர். எங்கே போகிறாய் என்று கேட்டால் அவனுக்கே விடை தெரியாது. ஒழுங்கை வழியே சென்று, பெருந்தெருவில் ஏறி, காற்று எப்பக்கம் இழுக்கின்றதோ அப்பக்கம் போவான். பசித்தபோது திரும்பி வருவான். "யாரைக் கண்டாய்? எங்கே நின்றாய்?" என்று தாய் கேட்பாள். அவன் சொல்லுவதற்கு ஆயிரம் செய்தி இருக்கும்.

இன்றும் பிள்ளை புறப்படுகின்றான், திரும்பியும் வருகின்றான். ஆனால் தாய் வாய் திறக்குமுன் அவனே முந்திக்கொண்டு, "22 கிலோமீற்றர், அம்மா. சராசரி வேகம் 18. போன கிழமையிலும் பார்க்க ஒன்று கூட" என்கின்றான். கையடக்கத் தொலைபேசி அதனைக் கணக்கிட்டுப் படமும் வரைந்து காட்டுகின்றது. தாய்க்கு மகிழ்ச்சிதான். ஆயினும் யாரைக் கண்டாய் என்று கேட்பதற்கு அங்கே இடம் இல்லாமற் போய்விடுகின்றது.

தூரத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டு ஓடுவது நல்லதா? ஒன்றையும் எண்ணாமல் ஓடி மகிழ்வது நல்லதா? சிறு வினாவைப் போலத் தோன்றினும், சற்று ஆராய்ந்து பார்க்கத்தக்க வினா இது.

அளக்கும் ஆசை

அளக்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விற்றூவியஸ், தூரத்தை அளக்கும் வண்டி ஒன்றைத் தம் நூலிலே விவரித்திருக்கின்றார். அவ்வண்டியின் சில்லு 400 முறை சுழன்றால் ஓர் உரோமானிய மைல் ஆகும். மைல் ஒன்று முடிந்ததும் பற்சில்லுகளின் உதவியால் சிறு கல் ஒன்று வெண்கலப் பாத்திரத்தில் விழும். மாலையில் பாத்திரத்திலுள்ள கற்களை எண்ணினால் அன்றைய பயணத்தின் தூரம் தெரிந்துவிடும்.

துவிச்சக்கரவண்டியின் வரலாற்றிலும் கணக்கு முதல் நாளிலேயே கூடப் பிறந்துவிட்டது எனலாம். 1817ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆந் திகதி, ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர் இரு சில்லுகள் பொருந்திய மரவண்டி ஒன்றில் ஏறிப் புறப்பட்டார். அதற்கு மிதிகள் இல்லை. கால்களால் நிலத்தை உந்தியே செலுத்த வேண்டும். ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஒரு விடுதி வரை சென்று, ஒரு மணித்தியாலத்திற்குள் அவர் திரும்பி வந்தார். வழியில் அவர் கண்ட மரங்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தூரமும் நேரமும் மாத்திரமே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகின்றன.

பின்னர் 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி இன்றைய வடிவத்தை ஒத்த வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் தம் மகனுடைய முச்சக்கரவண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த ரயரைச் செய்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் கேட்டிஸ் வீடர் என்பவர் சில்லின் அச்சருகே பொருத்தக்கூடிய சின்னஞ்சிறு தூரமானியை உருவாக்கினார். சில்லின் கம்பி ஒன்றிற் பூட்டிய முனை, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு நட்சத்திரச் சில்லைத் தட்டிவிடும். இலக்கங்கள் ஒவ்வொன்றாக ஏறும். அதன் பின்பு காந்தமும் மின்னணுக் கருவியும் வந்தன. இன்று வானிற் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு கருவியே நமது சைக்கிளின் இருப்பிடத்தைக் கணித்துச் சொல்லுகின்றது.

இவ்வளவும் இல்லாமலே மாணவர்கள் தாமாகவே தூரத்தைக் கணிக்கலாம். 28 அங்குல விட்டமுள்ள சில்லு ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 2.23 மீற்றர் முன்செல்லும். ஆகவே ஒரு கிலோமீற்றருக்குச் சில்லு 450 முறை வரையிற் சுழல வேண்டும். முன் பற்சில்லில் 44 பற்களும் பின் பற்சில்லில் 20 பற்களும் இருப்பின், மிதி ஒரு முறை சுற்றும்போது பின்சில்லு 2.2 முறை சுற்றும். உங்கள் வண்டியின் பற்களை நீங்களே எண்ணிப் பாருங்கள், கேத்திரகணிதம் இனிக்கும்.

அளந்தவர்களின் அரிய சாதனைகள்

அளவு இல்லையேல் சாதனை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற போட்டியில், 1893இல் பிரான்ஸ் நாட்டவரான ஹென்றி டெகிறாஞ் 35.325 கிலோமீற்றர் ஓடினார். இவரே பின்னர் 1903இல் புகழ்பெற்ற பிரான்ஸ் சுற்றுப் போட்டியைத் தொடக்கிவைத்த பத்திரிகை ஆசிரியர். 1972இல் பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் மெக்சிக்கோ நகரில் 49.431 கிலோமீற்றர் ஓடினார். 2022இல் இத்தாலியரான பிலிப்போ கன்னா சுவிற்சர்லாந்தில் 56.792 கிலோமீற்றர் ஓடினார். மனித உடல் எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதை இவ்வெண்கள் அன்றோ நமக்கு உணர்த்துகின்றன!

இங்கிலாந்திலே ரொமி கொட்வின் என்பவர் 1939ஆம் ஆண்டின் முதல் நாள் தொடங்கி இறுதி நாள் வரை ஓடி, ஓராண்டில் 75,065 மைல்களைக் கடந்தார். நாளொன்றுக்குச் சராசரி 200 மைலுக்கும் மேல்! கேட்போர் மூக்கில் விரல் வைப்பர். ஆனால் அது வாழ்வையே அதற்கென ஒதுக்கிய ஒருவரின் தவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் ஓய்வாக ஓடும் நமக்கும் அதே அளவுகோல் பொருந்துமா என்பதே கேள்வி.

விஞ்ஞானியின் எண்

எண்ணுவதையும் மகிழ்வதையும் ஒருங்கே கைக்கொண்ட ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். அவர் கேம்பிறிட்ஜ் வானியல் அறிஞர் ஆதர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஆபிரிக்காவை அடுத்த பிரின்சிப்பே தீவுக்குச் சென்று, நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகின்றது என்பதை அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவர் அவரே.

எடிங்டன் துவிச்சக்கரவண்டியிற் பெருவிருப்பு உடையவர். தம் பயணங்களை மதிப்பிட அவர் ஒரு விசித்திரமான எண்ணைக் கையாண்டார். ஒருவருடைய எண் 75 என்றால், 75 மைல் அல்லது அதற்கு மேல் ஓடிய நாள்கள் அவர் வாழ்வில் 75 ஆவது உண்டு என்பது பொருள். எண் 76 ஆக வேண்டுமானால் 76 மைலுக்குக் குறையாத நாள்கள் 76 வேண்டும். எண் ஏற ஏற அடுத்த படி கடினமாகும். மிக நுண்மையான கணக்கு!

1938இல் அவர் ஒரு கடிதம் எழுதினார். எழுதப்பட்டது யாருக்கு? தமிழ்க் குடும்பத்தில் 1910ஆம் ஆண்டு லாகூரிற் பிறந்து, பின்னர் 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு. 1935இல் நட்சத்திரங்களின் முடிவு பற்றி இவ்விருவருக்குமிடையே அறிவுலகமே அறிந்த கருத்து முரண்பாடு மூண்டிருந்தது. ஆயினும் நட்பு அறுந்து போகவில்லை. அக்கடிதத்தில் எடிங்டன், தமது எண் இன்னும் 75இலேயே நிற்கின்றது என்றும், அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஓடிய இரு பயணங்கள் 74¾ மைலாக அமைந்துவிட்டமையால் கணக்கிற் சேரவில்லை என்றும் எழுதியிருந்தார். ஒன்றேகால் மைல் கூட ஓடியிருந்தால் அடுத்த படிக்கு உதவியிருக்கும்! அதே மூச்சில் அவர், காலநிலை அற்புதமாக இருந்தது, தென் வேல்ஸ் பகுதியின் காட்சிகள் மிகச் சிறப்பாக இருந்தன என்றும் எழுதினார்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். எண் ஏறவில்லை என்ற சிறு வருத்தம் அவருக்கு உண்டு. ஆனால் அவ்வருத்தம் தென் வேல்ஸின் மலைகளை மறைத்துவிடவில்லை. 1943இல் எழுதிய கடிதத்தில் எண் 77 ஆகிவிட்டது என்று தெரிவித்தார். ஐந்தாண்டுகளில் இரண்டே படி! போர்க்காலத்தில் இரவு தங்க இடம் கிடைப்பது அரிது. ஆகையால் நெடும்பயணம் போக இயலவில்லை. அதனால் அவர் சைக்கிளை வெறுத்துவிடவில்லை. எண் அவருக்கு விளையாட்டாக இருந்தது, எசமானாக இருக்கவில்லை.

எண் எசமானானால்?

எண் எசமானாகிவிட்டால் நிகழ்வது என்ன? இதனை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோர்டன் எட்கின் பரிசோதித்துப் பார்த்து, 2016இல் வெளியிட்டார். உருவங்களுக்கு வர்ணந் தீட்டுதல், நடத்தல், வாசித்தல் போன்ற இன்பமான செயல்களைச் சிலர் அளவுகளைப் பார்த்துக்கொண்டே செய்தனர். வேறு சிலர் அளவின்றிச் செய்தனர். அளந்தவர்கள் கூடுதலாகச் செய்தனர். ஆனால் அவர்கள் அடைந்த இன்பம் குறைவாக இருந்தது. அச்செயலைத் தொடர்ந்து செய்யும் விருப்பமும் அவர்களிடத்துத் தளர்ந்தது. விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டமையே காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

நாம் போற்றும் இலக்குகள் எங்கிருந்து வந்தன என்பதையும் ஆராய்தல் வேண்டும். நாளுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்பது இன்று பலருக்கு வேதவாக்கு. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, யப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்பதாகும். வைத்தியர் ஆராய்ந்து வகுத்த எல்லையாக அன்று. விற்பனைப் பண்டத்தின் பெயராகவே அவ்வெண் முதலிற் பரவியது. நடப்பது நன்று, அதில் ஐயமில்லை. 9,000 அடி நடந்தவர் தோற்றுப்போனதாக எண்ணி வருந்துவதுதான் வீண்.

சராசரி சொல்லாத செய்தி

எண் பொய் சொல்லாது. ஆனால் முழுவதையும் சொல்லாது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய 18 கிலோமீற்றர். சோளகக் காற்று முதுகைத் தள்ள, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் போகின்றார் என்று கொள்வோம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அறைய, வேகம் 12 ஆகின்றது. சராசரி எவ்வளவு? 16 என்று சொல்லும் மாணவர் சற்றுப் பொறுக்க. போகும் நேரம் 54 நிமிடம். வரும் நேரம் 90 நிமிடம். ஆக 144 நிமிடத்தில் 36 கிலோமீற்றர். சராசரி 15 மாத்திரமே. எதிர்காற்றில் அவர் பட்ட பாடு எவ்வளவு என்பதை அந்த 15 என்ற எண்ணிலிருந்து எவரும் அறிய முடியாது.

வேகத்திற்கு நாம் கொடுக்கும் விலையும் சிறிதன்று. காற்றோட்டமற்ற வேளையிற்கூட, காற்றுத் தடையை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் கனத்திற்கு ஏற்ப ஏறும். 15இலிருந்து 20க்கு வேகத்தைக் கூட்டினால், அதற்கென உழக்க வேண்டிய வலு இரண்டு மடங்கிற்கும் மேலாகின்றது. 10 கிலோமீற்றர்ப் பயணத்தில் மீதியாவது 10 நிமிடம். பாடசாலை மணி அடிக்கப் போகின்றது என்றால் அந்தப் பத்து நிமிடம் பொன்னாகும். போகுமிடம் ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அப்பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாம்போதியில் ஒரு காலை

இவ்வாறெல்லாம் பிறருக்கு எடுத்துரைக்கும் நாமும் இவ்விடயத்திற் குற்றமற்றவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன், கைபிடியிற் பூட்டும் வேகமானி ஒன்றை நாம் புதிதாக வாங்கியிருந்தோம். தை மாதத்து ஞாயிறு ஒன்றில், எம் அண்ணரும் நாமும் பண்ணைத் தாம்போதி வழியே வேலணைப் பக்கம் புறப்பட்டோம். அண்ணர் இளைப்பாறிய ஆசிரியர். முதற் சம்பளத்தில் வாங்கிய றலிச் சைக்கிளை அவர் கைவிட்டதே இல்லை.

தாம்போதியின் நடுவே அண்ணர் இறங்கிவிட்டார். இரு புறமும் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. சிறகுவலையருகே இடுப்பளவு நீரில் இருவர் நின்றனர். அப்பால் கொக்குகளும் நாரைகளும் வரிசையாக நின்றன.

"தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

"அண்ணை, நின்றால் சராசரி விழுந்துவிடும்" என்றோம் நாம். நின்ற நேரத்தையும் கணக்கில் எடுக்கும் கருவி அது.

"அது விழுந்தால் என்ன? நீ விழாமற் போய் வா" என்று சிரித்தார் அவர்.

நாம் போனோம். வேலணைச் சந்தியைத் தொட்டுத் திரும்பினோம். சராசரி வேகம் 23.4. அதுவரை எட்டாத வேகம். அண்ணர் அதே இடத்தில் தாம்போதிக் கட்டின்மேல் அமர்ந்திருந்தார். எண்ணைக் காட்டினோம். "நல்லது, தம்பி. கெட்டிக்காரன்" என்று முதுகிற் தட்டினார். பின்பு, "வலையை இழுத்தபோது கண்டாயா?" என்று கேட்டார். நாம் காணவில்லை. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். வெயில் ஏறுகின்றது என்று நாம் அவரை அவசரப்படுத்திவிட்டோம்.

அவ்வாண்டு மாரிக்கு முன் அண்ணர் காலமானார். அவருடன் ஓடிய இறுதிப் பயணம் அதுவே. அந்நாளின் கணக்கு இன்றும் எம்மிடம் உண்டு. தூரம் உண்டு, நேரம் உண்டு, வேகம் உண்டு. அன்று காலை அவர் என்ன கண்டார் என்பது மாத்திரம் எம்மிடம் இல்லை. அதனைக் கேட்பதற்கு இனி ஆளும் இல்லை.

எண்ணப்படாத மைல்கள்

நமது குடாநாட்டில் துவிச்சக்கரவண்டி வெறும் பொழுதுபோக்குப் பொருளன்று. 1990ஆம் ஆண்டிற்குப் பின் எரிபொருளுக்குத் தடை விழுந்த காலத்தில், மாணவர், ஆசிரியர், வைத்தியர், வியாபாரி ஆகிய யாவரையும் சுமந்தது அதுவே. நெல் மூடையும் நோயாளியும் அதன் கரியரிலேயே சென்றனர். மின்சாரம் அற்ற இரவுகளில் வண்டியை நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர் நம்மவர். ஓரடியும் நகராத சைக்கிள் உலகச் செய்தியை வீட்டுக்குள் கொண்டுவந்தது! 1995இல் இடம்பெயர்ந்தபோது உடைமைகளை ஏற்றி உருட்டிச் சென்றதும் சைக்கிளிலேயே. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மறந்திருந்தோரும் பழைய சைக்கிளைத் தேடித் தூசு தட்டினர்.

அம்மைல்களை எந்தக் கருவியும் எண்ணவில்லை. ஆயினும் அவை வீணாகவில்லை. ஒரு பயணத்தின் பெறுமதி அது எழுதப்படுவதனால் உண்டாவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இரண்டிற்கும் இடமுண்டு

அப்படியானால் வேகமானியைக் கழற்றிக் கிணற்றில் எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. போட்டிக்குப் பயிலும் மாணவனுக்கு அது நல்ல ஆசான். நோயிலிருந்து மீள்பவருக்கு வைத்தியர் இவ்வளவு தூரம் ஓடலாம் என்று வரையறை செய்திருப்பின், அது காவலன். இன்று 5 கிலோமீற்றர், அடுத்த மாதம் 10 என்று ஏறும் எண் சோர்ந்த மனத்திற்கு ஊக்கமும் தரும். அளக்க வேண்டிய நாளில் அளப்போம்.

அளக்க வேண்டாத நாளும் ஒன்று வேண்டும். கிழமையில் ஒரு நாளாவது கருவியைத் துணியால் மூடிவிடுங்கள்; தொலைபேசியைச் சட்டைப்பையில் வையுங்கள். வீடு திரும்பியதும், கண்ட மூன்று காட்சிகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பூத்திருந்த வேம்பு, புதிதாக வெள்ளையடித்த வைரவர் கோவில், மதகிலிருந்து மீன் பிடித்த சிறுவன் என எதுவாயினும் சரி. ஆண்டு முடிவில் வாசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு கணக்குத்தான்.

இன்னும் ஒன்று. முதியவரோடும் குழந்தையோடும் ஓடும்போது அவர்களுடைய வேகமே நம் வேகமாக இருக்கட்டும். அவர்கள் நிற்குமிடத்தில் நாமும் நிற்போம். "அங்கே பார்" என்று அவர்கள் விரல் நீட்டும் திசையில் நாமும் பார்ப்போம். சராசரியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை உயர்த்திக்கொள்ளலாம். உடன் வந்தவர் அடுத்த ஞாயிறும் வருவார் என்பதற்கு உறுதி ஏது?

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை சைக்கிளில் ஓடி வந்து எண்ணைச் சொல்லும்போது மகிழுங்கள், பாராட்டுங்கள். அதன் பின்பு, "யாரைக் கண்டாய், ராசா? எங்கே நின்றாய்?" என்றும் கேளுங்கள். கேட்பார் உண்டெனின், அடுத்த முறை அவன் எங்காவது நின்று பார்த்துவிட்டே வருவான்.